பாங்காக் போறீங்களா? செலவு கையைக் கடிக்காமல் இருக்க...
(வாசகர் கேள்வி – பதில்)

முதுகில் ஒரு பை, கையில் அளவான பணம். இப்படி தாய்லாந்தின் தலைநகரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பும் வாசகர்களின் கேள்விகளுக்கு, அந்த ஊரை நன்கு அறிந்த நம் பயணக் குழுவினர் பதில் தருகிறார்கள். அந்நாட்டு நாணயமான பாட் ஒன்று மூன்று ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். விகிதம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் துண்டு விழாது.

சென்னையிலிருந்து நள்ளிரவு விமானம். விடியற்காலையில் அங்கே இறங்கினால் டாக்சியை விட்டால் வேறு வழி இல்லை என்கிறார்களே? – வேலூர் வாசகர்

வழி இருக்கிறது. முதலில் எந்த விமான நிலையம் என்று டிக்கெட்டில் பாருங்கள். பாங்காக்கில் இரண்டு உண்டு: சுவர்ணபூமி, டான் முவாங். ஏர்ஏசியா டான் முவாங்கில் இறங்கும். இண்டிகோவும் தாய் ஏர்வேஸும் சுவர்ணபூமியில் இறங்கும்.

சுவர்ணபூமி என்றால் நேரே அடித்தளத்துக்கு இறங்கி ஏர்போர்ட் ரயில் லிங்க்கைப் பிடியுங்கள். காலை ஆறு மணிவாக்கில் ஓடத் தொடங்கிவிடும். கடைசி நிலையமான பயா தாய் வரை 45 பாட், அரை மணி நேரம். அங்கிருந்து பிடிஎஸ் மேம்பால ரயிலுக்கு மாறலாம். எம்ஆர்டி சுரங்க ரயில் வேண்டுமென்றால் மக்கசானில் இறங்கி, நடைபாலம் வழியாக பெட்சபுரி நிலையத்துக்குப் போக வேண்டும். மலிவு விடுதிகள் நிறைந்த காவோ சான் சாலைக்குப் போகிறவர்களுக்கு எஸ்1 பேருந்து, 60 பாட். டான் முவாங்கில் இறங்கினால் அதே இடத்துக்கு ஏ4 பேருந்து, 50 பாட்.

டாக்சிதான் வேண்டுமென்றால் வருகைக் கூடத்தில் வந்து கேட்கும் ஆட்களிடம் பேசாமல், கீழ்த்தளத்தில் இயந்திரம் தரும் வரிசைச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டர் தொகையோடு 50 பாட் விமான நிலையக் கட்டணமும், விரைவுச் சாலையில் போனால் சுங்கமும் உங்கள் பொறுப்பு. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, வாக்குவாதம் வேண்டாம்.

தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒன்றரை மணி முன்னால். காலை ஏழுக்கு விடுதி வாசலில் நின்றாலும் அறை மதியம் இரண்டுக்குத்தான் கிடைக்கும். அதற்காகக் கூடுதலாக ஒரு இரவுக்குப் பணம் கட்ட வேண்டாம். பையை வாங்கி வைத்துக்கொள்வார்கள். நீங்கள் ஊர் சுற்றக் கிளம்பலாம்.

புறப்படும் முன் என்ன படிவம் நிரப்ப வேண்டும்? ஒரு தளம் பணம் கேட்கிறது. – கோவை வாசகர்

அந்தத் தளத்தை மூடிவிடுங்கள். 2025 மே 1 முதல் எல்லா வெளிநாட்டினரும் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது முற்றிலும் இலவசம். இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பினால் போதும். தாய்லாந்து குடிவரவுத் துறைத் தளத்தின் முகவரி 'கோ டாட் டிஹெச்' (go.th) என்று முடியும். அப்படி முடியாத எதிலும் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுக்காதீர்கள். விசா விதி வேறு விஷயம், அது மாறிக்கொண்டே இருக்கிறது. டிக்கெட் எடுக்கும் முன் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். திரும்பி வரும் டிக்கெட்டையும் விடுதி முன்பதிவையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். சென்னை கவுன்டரிலேயே கேட்பார்கள்.

காவோ சானில் படுக்கை மலிவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அங்கேயே தங்கலாமா? – மதுரை வாசகர்

படுக்கை விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பாங்காக்கில் உங்கள் செலவைத் தீர்மானிப்பது, விடுதி வாசலிலிருந்து ரயில் நிலையமோ படகுத் துறையோ எத்தனை நிமிட நடை என்பதுதான். பலர் சேர்ந்து தங்கும் டார்மிட்டரி அறையில் ஒரு படுக்கை 300 முதல் 500 பாட்டுக்குள் ஊர் முழுக்கக் கிடைக்கிறது. 80 பாட் மிச்சம் பிடித்து, தினமும் இருமுறை டாக்சி ஏறினால் கணக்கு தலைகீழாகிவிடும்.

காவோ சானுக்கு ரயிலே கிடையாது. பிரா ஆதித் படகுத் துறை பக்கத்தில் இருக்கிறது. ஆனால் மலிவான படகுகள் மாலையோடு நின்றுவிடும். நள்ளிரவு தாண்டியும் பாட்டுச் சத்தம் ஓயாது. அந்தப் பக்கம்தான் பிடித்திருக்கிறது என்றால் சாலையின் மேலேயே தங்காமல், கால்வாயைத் தாண்டி சாம்சென் பக்கத்துச் சந்துகளில் தேடுங்கள். பத்து நிமிட நடைதான், நிம்மதியாகத் தூங்கலாம்.

முதல் முறை போகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது, எம்ஆர்டி நீல வழியில் ஹுவா லம்போங், வாட் மங்கோன், சாம் யோட் நிலையங்களை ஒட்டிய சைனா டவுன் பகுதி. அரச அரண்மனைப் பக்கம் மூன்று நிலையத்துக்குள், சாப்பாடு வாசலிலேயே. விமான நிலையத்துக்குச் சுலபமாகப் போய் வர வேண்டுமென்றால் பயா தாய், ராட்சதேவி.

விடுதிப் பெட்டகத்துக்குப் பூட்டு நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். படுக்கும் முன் மெத்தையின் மூலைத் தையலை விரித்து, செல்போன் வெளிச்சத்தில் பாருங்கள். மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. பையைக் கீழே வைப்பதற்கு முன்பே வேறு அறை கேளுங்கள். பெண்களுக்குத் தனி டார்மிட்டரி பல இடங்களில் உண்டு; முன்பதிவிலேயே அதைத் தேர்வு செய்யுங்கள்.

ஊருக்குள் சுற்ற ஒரே பாஸ் இருக்கிறதா? – சேலம் வாசகர்

எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பாஸ் என்று நம்பி இருக்காதீர்கள். பிடிஎஸ்ஸும் எம்ஆர்டியும் வேறு வேறு நிறுவனங்கள். அசோக்கிலும் சாலா டேங்கிலும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது புதிதாகச் சீட்டு எடுக்க வேண்டும், ஆரம்பக் கட்டணம் மறுபடி விழும். முடிந்தவரை ஒரே வழித்தடத்துக்குள் அன்றைய இடங்களை அடக்கிக்கொள்ளுங்கள். எம்ஆர்டி வாயிலில் விசா, மாஸ்டர்கார்டு அட்டையைத் தட்டியே உள்ளே போகலாம். நுழைந்த அட்டையையே வெளியேறும்போதும் தட்டுங்கள். இரண்டு பேருக்கு ஒரே அட்டை நடக்காது. ரூபே அட்டையை நம்ப வேண்டாம்.

ஆனால் இந்த ஊரில் பணம் மிச்சமாவது தண்ணீரில்தான். சாவ் பிரயா ஆற்றில் ஆரஞ்சுக் கொடிப் படகு எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 16 பாட். பிடிஎஸ் சபான் தக்சின் நிலையத்தை ஒட்டிய சாத்தோர்ன் துறையில் ஏறலாம். அங்கே நுழைந்ததுமே நீலக்கொடிச் சுற்றுலாப் படகுக்குத்தான் கூப்பிடுவார்கள். அதன் கட்டணம் கூடுதல், நாள் பாஸ் 150 பாட். படகின் முனையில் ஆரஞ்சுக் கொடி பறக்கிறதா என்று பார்த்து அந்த வரிசையில் நில்லுங்கள். சீட்டு படகுக்குள்ளேயே. நீளமான உலோகக் குழலைச் சடசடவென்று தட்டிக்கொண்டு நடத்துநர் வருவார், சில்லறையை நீட்டுங்கள். துறையில் படகு சில விநாடிகள்தான் நிற்கும். இறங்குமிடத்துக்கு முன்பே எழுந்து பின்பக்கம் போய்விடுங்கள்.

சான் சாப் கால்வாய்ப் படகும் மலிவுதான். ஆனால் அது உள்ளூர்க்காரர்கள் வேலைக்குப் போகும் வண்டி, சொகுசு எதிர்பார்க்கக் கூடாது. பழைய நகரப் பக்கத்திலிருந்து பிரத்துனாம் கடைவீதிக்கு, சாலை நெரிசலில் ஊர்வதில் பாதி நேரம்கூட ஆகாது. கால்வாய்த் தண்ணீர் அழுக்கு, எதிர்ப்படகு வந்தால் தெறிக்கும். ஓர இருக்கையில் உட்கார்ந்தால் பக்கத்தில் தொங்கும் கயிற்றை இழுங்கள், தார்ப்பாய் மேலே எழும்பி மறைக்கும். ஹெல்மெட் போட்ட நடத்துநர் படகின் வெளி விளிம்பில் நடந்து வந்து பணம் வாங்குவார், அப்போது கயிற்றைத் தளர்த்துங்கள். பிரத்துனாமுக்கு அப்பால் போகிறவர்கள் அங்கே இறங்கி அடுத்த படகுக்கு மாற வேண்டும். இது தெரியாமல் பலர் உட்கார்ந்தே இருந்து விடுகிறார்கள்.

மாலை ஐந்திலிருந்து ஏழரை வரை டாக்சி ஏறாதீர்கள். நம் ஆட்டோ போன்ற டுக்டுக்குக்கு மீட்டரே இல்லை. ஒருமுறை ஆசைக்கு ஏறலாம், பேரம் பேசிவிட்டு.

சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா? – கும்பகோணம் வாசகர்

வேண்டாம். மஞ்சள் பின்னணியில், '17' போலத் தெரியும் சிவப்பு எழுத்து உள்ள கொடியைத் தேடுங்கள். அது 'ஜே' கடை. இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல, வெங்காயம் பூண்டும் கிடையாது. சோறும் இரண்டு வகை தொடுகறியும் 40 முதல் 60 பாட். மதியம் இரண்டு மணிக்குமேல் பாத்திரம் காலியாகியிருக்கும், முன்னதாகப் போங்கள். செவன் இலெவன் கடைப் பொட்டலங்களிலும் அதே எழுத்தைப் பார்த்து வாங்கலாம்.

சாதாரணக் கடையில் 'காய்கறி மட்டும்' என்று சொல்வது போதாது. கறித்துண்டு இருக்காது, ஆனால் மீன் சாறும் சிப்பிச் சாறும் விழுந்திருக்கும். 'கின் ஜே' என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். பப்பாளி சாலட்டிலும் பத் தாய் என்னும் வறுத்த நூடுல்ஸிலும் காய்ந்த இறால் இருக்கும். நூடுல்ஸ் சூப் எலும்பு வேகவைத்த நீர். இதை மாற்றித் தரவே முடியாது, விட்டுவிடுங்கள்.

சாம் யோட் நிலையத்துக்கு அருகே பாஹுராட் பகுதியில் இந்தியக் கடைகள் நிறைய. அங்குள்ள சீக்கியர் குருத்வாராவில் லங்கர் என்னும் இலவசப் பந்தி உண்டு; தலையை மூடிக்கொண்டு, தரையில் அமர்ந்து, வாங்கியதை மீதம் வைக்காமல் உண்ண வேண்டும். சீலோம் சாலையில் 19-ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. அங்கே போகாமல் திரும்பாதீர்கள். வரிசையில் பூத்தட்டோடு நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய் மக்கள்தான்.

குடிநீருக்குத் தெருவோர இயந்திரத்தில் ஒரு பாட் போட்டால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வரும். பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள்.

பணமாகக் கொண்டுபோவதா, கார்டா? – திருநெல்வேலி வாசகர்

இரண்டும். அங்குள்ள ஏடிஎம்கள் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடிக்கும், அது போக உங்கள் வங்கிக் கட்டணம். ஆகவே சிறுகச் சிறுக எடுக்காமல் ஒரே தடவையாக எடுங்கள். 'ரூபாயில் கணக்கிடவா?' என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். ஒப்புக்கொண்டால் மோசமான விகிதம் விழும்.

ரூபாய் நோட்டை அங்கே மாற்றுவது நஷ்டம். இங்கேயே டாலராக மாற்றி, மடிப்பும் மை எழுத்தும் இல்லாத 100 டாலர் தாள்களாகக் கொண்டுபோங்கள். சின்னத் தாள்களுக்கு விகிதம் குறைவு. வருகைக் கூடத்தில் மாற்றாமல், சுவர்ணபூமியின் அடித்தளத்தில் ரயில் வாசலருகே உள்ள கவுன்டர்களில் மாற்றுங்கள். அசல் பாஸ்போர்ட் கேட்பார்கள்.

அரண்மனைக்குப் போகும் வழியில் 'இன்று மூடியிருக்கிறது' என்றால்? – நாகர்கோவில் வாசகர்

நம்பாதீர்கள், நின்று பேசவும் வேண்டாம். 'வேறு கோயில் காட்டுகிறேன், 20 பாட் போதும்' என்று டுக்டுக்கில் ஏற்றி, கடைசியில் நகைக்கல் கடையில் கொண்டுபோய் விடுவார்கள். டிக்கெட் கவுன்டர் காலை 8.30 முதல் மதியம் 3.30 வரை. வாயில்வரை நடந்துபோய் நீங்களே பாருங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஆண்கள் அரைக்கால்சட்டையில் போனால் திருப்பி அனுப்புவார்கள். வேட்டி கட்டிப் பழகியவர்கள் பையில் ஒன்றை வைத்திருந்தாலும் பேன்ட்தான் பாதுகாப்பு.

நுழைவுக் கட்டணம் அரண்மனைக்கு 500 பாட், வாட் போ கோயிலுக்கு 300, வாட் அருண் கோயிலுக்கு 200. மூன்றும் சேர்ந்தால் குறைந்தது இரண்டு இரவுப் படுக்கைக் காசு. ஒன்றுதான் முடியுமென்றால் வாட் போவைத் தேர்ந்தெடுப்போம்: 46 மீட்டர் சயன புத்தர், கூட்டமும் குறைவு. வாட் அருணை எதிர்க்கரையான தா தியனிலிருந்து சூரியன் சாயும் நேரத்தில் பார்க்கக் காசு வேண்டாம்.

எத்தனை கிலோ பை? ப்ளக் பொருந்துமா? – ஈரோடு வாசகர்

ஏழு கிலோவுக்குள். மலிவு விமானங்களின் கைப்பை வரம்பு அதுதான். நான்கு உடுப்பு போதும். காசு போடும் சலவை இயந்திரங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. நம் இரண்டு முனை செல்போன் சார்ஜர் பொருந்தும், மூன்று முனை லேப்டாப் ப்ளக்குக்கு அடாப்டர் வேண்டும்.

ஒரு நாள் வெளியூர் போய்வர மலிவான இடம்? – தஞ்சை வாசகர்

அயுத்தயா, பழைய தலைநகர். ஏசி ரயிலையும் சுற்றுலா வேனையும் விட்டுவிட்டு, மூன்றாம் வகுப்புச் சாதாரண ரயிலைப் பிடித்தால் கட்டணம் சுமார் 20 பாட், பயணம் இரண்டு மணி நேரம்போல. கவனிக்க வேண்டியது நிலையம். 2023 ஜனவரியில் தொலைதூர ரயில்கள் குருங் தேப் அபிவாட் முனையத்துக்கு மாறிவிட்டன. சாதாரண ரயில்கள் இன்னும் பழைய ஹுவா லம்போங்கிலிருந்தே கிளம்புகின்றன. முன்பதிவு இல்லை, அன்றே கவுன்டரில் வாங்கலாம். காலை எட்டுக்குள் கிளம்புங்கள். பதினொன்றுக்கு மேல் வெயில் தாங்காது. அயுத்தயா நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் நேரே நடந்தால் ஆறு, கடத்துப் படகில் அக்கரை போனால் வாடகை சைக்கிள். எடுக்கும் முன் பிரேக்கையும் டயர் காற்றையும் பார்த்துவிட்டு, மாலை ரயில் நேரத்தை நிலையப் பலகையில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.