பரிசோதனையில் குறையில்லை, ஆனாலும் மறக்கிறது: கேள்வி பதில்

திருகோணமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து மறதி குறித்து வந்த கேள்விகளுக்கு மருத்துவர் ஒருவரின் பதில்கள்.

உப்புவெளி, ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 66: டொக்டர், இரண்டு வருடமாக நினைவு பழையபடி இல்லை. கடைத்தெருவில் வணக்கம் சொல்லும் பழைய மாணவர்களின் பெயர் நாக்கு நுனியில் நின்றுவிடுகிறது. கிளினிக்கில் பரிசோதித்துவிட்டுக் குறையில்லை என்கிறார்கள். அவர்களை நம்புவதா, என்னை நம்புவதா?

இரண்டு பக்கத்தையும் நம்புங்கள், டீச்சர். அந்தப் பரிசோதனை உங்களை உங்கள் வயதுக்காரர்களோடு ஒப்பிடுகிறது. பத்து வருடத்துக்கு முந்தைய உங்களோடு அல்ல. காலமெல்லாம் வகுப்பெடுத்தவரின் நினைவு சற்று இறங்கினாலும் சராசரிக்கு மேலேயே நிற்கும். அந்த இறக்கம் முதலில் உங்களுக்குத்தான் தெரியும். "வயது போனால் அப்படித்தான்" என்று தட்டிக்கழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இனிக் கணக்கு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான மதிப்பீட்டின்படி, பரிசோதனையில் குறை தெரியாமல் மறதி இருப்பதாகச் சொல்லும் முதியவர்களில், ஆண்டொன்றுக்கு 100 பேரில் இரண்டு மூன்று பேருக்கு டிமென்ஷியா, அதாவது நினைவும் சிந்தனையும் படிப்படியாகக் குன்றும் நோய், வருகிறது. அப்படிச் சொல்லாதவர்களில் ஏறத்தாழ ஒருவருக்கு. இரண்டு மடங்கு என்றதும் வயிற்றைக் கலக்கும். ஆனால் மீதி 97 பேருக்கு அந்த ஆண்டில் அது வருவதில்லை.

மறதி 60 வயதுக்குப் பிறகு, அதுவும் கடந்த ஐந்து வருடத்துக்குள் தொடங்கியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். வீட்டிலுள்ளவர்களும் அதையே சொன்னால் இன்னும் கூடுதலாக. அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு வருடம் கழித்துப் பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

கிண்ணியா: உம்மாவுக்கு 72 வயது. கேட்டதையே திரும்பக் கேட்கிறார். போன மாதம் சந்தையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றார். சொன்னால், தனக்கு ஒன்றுமில்லை என்று கோபப்படுகிறார்.

டீச்சரைவிட உங்கள் உம்மாவை நினைத்துத்தான் எனக்குக் கவலை. டிமென்ஷியாவில் தன் மறதியே தனக்குத் தெரியாமல் போவதுண்டு. அவரோடு வாதாடாதீர்கள். அடுத்த கிளினிக் நாளில் நீங்களும் கூடப் போய், நடந்ததை டொக்டரிடம் சொல்லுங்கள். வீட்டிலுள்ள மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் கொண்டுபோங்கள். நித்திரை மாத்திரையும், சளிக்குக் கடையில் வாங்கும் மயக்கம் தரும் மாத்திரையும் முதியவர்களின் புத்தியைக் குழப்பும். சீனி வருத்தத்துக்கு நெடுங்காலம் மெட்போமின் எடுத்தால் பி12 விட்டமின் குறையலாம். தைரொயிட் குறைபாடும் மனச்சோர்வும் மறதியாகத் தோன்றும். அறளை பெயர்ந்துவிட்டது என்று முடிவுகட்டும் முன் இவற்றைப் பார்த்தாக வேண்டும். இவற்றுக்கு வைத்தியம் இருக்கிறது.

நிலாவெளி, வயது 33: போனை வைத்த இடம் மறந்துவிடுகிறது. இது ஆரம்பமா?

இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள்? முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

தம்பலகாமம்: அப்பாவுக்கு மறதி என்று தினமும் வல்லாரைச் சம்பல் கொடுக்கிறோம். போதுமா? காதும் மந்தம். கருவி வைக்க மறுக்கிறார்.

வல்லாரை நல்ல கீரை, எனக்கும் பிடிக்கும். டிமென்ஷியாவைத் தடுக்கும் என்பதற்குச் சான்றில்லை. நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் சொன்ன காதுதான் பெரிய விஷயம். லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அவற்றை முற்றாக நீக்க முடிந்தால் ஏறத்தாழ 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றது. காது கேளாமை அதிலொன்று. பிரஷர், சீனி, கெட்ட கொலஸ்ட்ரோல், புகைத்தல், சரிசெய்யாத பார்வைக் குறை, தனிமை ஆகியனவும் உண்டு. கருவி வைத்தால் மறதி போய்விடும் என்று அப்பாவிடம் ஆசை காட்டாதீர்கள். பேரப்பிள்ளைகள் பேசுவது விளங்கும் என்று சொல்லுங்கள். அது உண்மை, அவரும் இணங்கக்கூடும்.