வகுப்பறையையே ஆய்வுக்களமாகக் கொள்ள முடியுமா?

மதுரைக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பிக்கும் நீங்கள், ஆய்வகமும் நிதியும் இல்லாத நிலையில் வகுப்பறையிலேயே ஆய்வு செய்யலாமா, அதனால் மாணவருக்குப் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம். செயலாய்வு எனப்படுவது அதுதான்: 1940களில் உளவியலாளர் கர்ட் லெவின் முன்வைத்த அம்முறையில், திட்டமிட்டு, செய்துபார்த்து, விளைவை உற்றுநோக்கி, மீண்டும் திட்டமிடுவார்கள்.

உங்கள் துறையிலேயே வலுவான சான்று உண்டு. 1998இல் அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஹேக் 62 வகுப்புகளைச் சேர்ந்த 6,542 மாணவர்களின் இயக்கவியல் தேர்வு மதிப்பெண்களை ஆராய்ந்தார். பெரும்பாலும் விரிவுரையைக் கேட்டு மட்டும் படித்த வகுப்புகள், முன்தேர்வுக்குப் பின் எட்டியிருக்கக்கூடிய முன்னேற்றத்தில் சராசரியாக 23 விழுக்காட்டையும், கலந்துபேசிக் கற்ற வகுப்புகள் 48 விழுக்காட்டையும் எட்டியிருந்தன. முன்தேர்வில் வகுப்புச் சராசரி 40ஆக இருந்து பின்தேர்வில் 70ஆக உயர்ந்தால், எஞ்சியிருந்த 60இல் 30, அதாவது பாதி கிடைத்ததாகக் கணக்கு. உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் தமிழ்வழியில் படித்து வருவோரையும் நகரத்து ஆங்கிலவழி மாணவரையும் நியாயமாக ஒப்பிட இந்த அளவீடே ஏற்றதென்று கருதுகிறேன்.

விரிவுரையாளர் முதலில் பெறும் ஆய்வுத்திறன், கேள்வியைக் கூர்மையாக்குவதே. ‘மாணவர் ஏன் படிப்பதில்லை’ என்பது ஆதங்கம். ‘நியூட்டனின் மூன்றாம் விதியைத் தமிழில் விவாதித்தபின் ஆங்கிலத்தில் விடை எழுதினால் பிழை குறைகிறதா’ என்பது ஆய்வுக்கேள்வி. தமிழில் விவாதித்த பிரிவு, விவாதிக்காத பிரிவு இரண்டுக்கும் ஒரே தேர்வை வையுங்கள். முன்கூட்டியே மாணவரின் ஒப்புதலைப் பெறுங்கள். ஆய்வுத்தேர்வின் மதிப்பெண்ணை அகமதிப்பீட்டில் ஒருபோதும் சேர்க்காதீர்கள்.