மட்டையால் மூடினால் தெராஹேட்ஸ் மறையாது

கேள்வி: 0.3 தெராஹேட்ஸ் (நுண்ணலைக்கும் செந்நிறக்கீழ்க் கதிருக்கும் இடைப்பட்ட கதிர்) மூலத்தால் காலியம் ஆசனைட்டுத் திரான்சிற்றர் உணரியொன்றைச் சோதிக்கிறேன். லொக்-இன் அம்பிளிபயரில் (குறித்த ஒரு மீடிறனில் வரும் சிறு சிக்னலை மட்டும் பிரித்தளக்கும் கருவி) 40 மைக்குரோவோல்ற்று. மூலத்தை மட்டையால் மூடினாலும் 35 நிற்கிறது. சிப் பழுதா? முகவர் ஒருவர் ‘3 தெராஹேட்ஸ் வரை’ வேலை செய்யும் டயோட்டை மலிவாகத் தருகிறாராம். வாங்கலாமா? (ஆய்வு மாணவர், திருநெல்வேலி, யாழ்ப்பாணம்)

பதில்: வாங்காதீர்கள். சிப் பழுதென்று இன்னும் சொல்லவும் முடியாது.

இந்தக் கதிரின் அலைநீளம் 1 மில்லிமீற்றர். காய்ந்த மட்டை, ரெஜிபோம், பொலித்தீன் எல்லாவற்றையும் ஊடுருவிப் போகும். மாரியில் ஈரம் குடித்த மட்டை ஓரளவு மறைக்கும். அதே மட்டை கோடையில் மறைக்காது. உள்ளே அலுமினியத்தாள் ஒட்டிய பால் பெட்டி மறைக்கும், ஆனால் மறைப்பது தாள், மட்டையல்ல. தாள் கிழிந்திருந்தால் அதுவும் வீண். ஆகவே அலுமினியத் தகடுதான்.

தகட்டை மூலத்துக்கும் சொப்பருக்கும் (கதிரை விட்டுவிட்டு மறைக்கும் சுழல் தட்டு) இடையில் சற்றுச் சரித்து வையுங்கள்; நேராக வைத்தால் கதிர் மூலத்துக்கே திரும்பும். சொப்பர் சுழலட்டும். அளவு விழுந்தால் முன்பு கண்டது மட்டையைக் கடந்த கதிர்தான், சிப் நல்லது. விழாவிட்டால் அது கதிரல்ல: சொப்பர் மோட்டரோ, பொது ஏர்த்தோ, சொப்பரின் மீடிறனை லொக்-இன்னுக்குச் சொல்லும் றெபறன்ஸ் வயரோ உங்கள் வயருக்குள் புகுந்திருக்கிறது. திரான்சிற்றரின் கேற் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) வோல்ற்றளவை 9 வோல்ற்று பற்றரியில் இருந்து கொடுங்கள். சொப்பர் மீடிறனை 50 இன் மடங்குகளில் வைக்காதீர்கள். 173 ஹேட்ஸ் நல்லது. மீடிறனைக் கண்டபடி கூட்டவும் வேண்டாம். கேற்றைத் திரான்சிற்றர் கடத்தத் தொடங்கும் வோல்ற்றளவுக்குக் கிட்டக் கொண்டுபோனால் தடை 1 மெகா ஓம் வரை ஏறும். ஒரு மீற்றர் கோஅக்சியல் வயரின் 100 பிக்கோபரட்டுடன் சேர்ந்தால் 1.6 கிலோஹேட்சுக்கு மேல் சிக்னல் சரியும்.

40 இல் 35 போனால் 5 என்று எழுதிவிடாதீர்கள். லொக்-இன் காட்டும் R, சிக்னலின் நீளம் மட்டும். அவத்தை (அலை எவ்வளவு முந்துகிறது, பிந்துகிறது என்பது) தெரியாமல் கழிக்க முடியாது. இரண்டுக்கும் இடையில் 90 பாகை இருந்தால் மெய்ச் சிக்னல் 53. சிக்னலின் இரு கூறுகளான X, Y இரண்டையும் தகட்டோடும் தகடில்லாமலும் எழுதித் தனித்தனியே கழியுங்கள்.

ஈரப்பதனில் பழி போட வேண்டாம். மேசைத் தூரத்தில் 0.3 இல் அது பொருட்டல்ல, நீராவி பலமாக உறிஞ்சும் 0.557 தெராஹேட்சில் வேலை செய்பவர் கவலைப்படட்டும்.

இனி முகவர். ‘வரை’ என்ற சொல்லுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். எந்த மீடிறனில், எத்தனை வற்று விழ, எத்தனை வோல்ற்று வந்தது, அந்த வற்றை எந்தப் பரப்பளவை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியில்தான் சுத்துமாத்து. 0.3 தெராஹேட்சில் அன்ரெனா கதிரைப் பிடிக்கும் பரப்பு ஏறத்தாழ 0.08 சதுர மில்லிமீற்றர், வில்லை வைத்தால் இன்னும் கூட. சிப்பின் சொந்தப் பரப்பான 0.01 ஐப் போட்டுப் பெருக்கினால் விழுந்த வற்று எட்டிலொன்றாகும், உணர்திறன் (ஒரு வற்றுக்கு எத்தனை வோல்ற்று என்பது) எட்டு மடங்காக வீங்கும். அந்த டயோட்டுக்கென்றே எடுத்த அளவீட்டுத் தாள் இல்லையென்றால் பேச்சை முடியுங்கள். மூன்று விலைமனு எடுத்து ஆகக் குறைந்ததற்கே கையெழுத்து வைக்கும் கொள்வனவு முறைக்கு இந்தத் தாள் கண்ணில் படுவதேயில்லை. ‘அளவீட்டுத் தாள் கட்டாயம்’ என்று விவரக்குறிப்பிலேயே நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.