யூரியா இருக்கும்வரை அசோஸ்பைரில்லம் தழைச்சத்து பிடிக்காது

கேள்வி: நடவின்போது யூரியாவையும் அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் உரத்தையும் ஒரே கூடையில் கலந்து வீசினேன். நெல்லில் மாற்றமே தெரியவில்லை. கடைக்காரர் போலிச் சரக்கைக் கொடுத்துவிட்டாரா?

பதில்: சரக்கு நல்லதாகவே இருந்திருக்கலாம். கலந்ததுதான் கோளாறு.

காற்றிலுள்ள தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனைப் பிடிப்பது இந்த நுண்ணுயிருக்குப் பெரும் செலவு. ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்குக் குறைந்தது 16 ஏடிபி வேண்டும். ஏடிபிதான் செல்லின் எரிபொருள். யூரியாவோ சில நாளில் மண்ணில் அம்மோனியமாக, அதாவது நேராக எடுத்துக்கொள்ளத்தக்க தழைச்சத்தாக மாறிவிடும். வீட்டில் சோறு இருக்கும்போது யார் உலை வைப்பார்கள்? அம்மோனியம் கிடைத்ததும் தழைச்சத்து பிடிக்கும் 'நிஃப்' மரபணுக்களை நுண்ணுயிர் அணைத்துவிடுகிறது. அந்த வேலைக்காக ஏற்கெனவே செய்து வைத்த நொதியையும் பூட்டிவிடுகிறது. குளுக்கோஸ் தீரும்வரை பாக்டீரியா லாக்டோஸைத் தொடாது என்று 1940களில் பாரிஸில் உயிரியலாளர் ழாக் மோனோ கண்டாரே, ஏறக்குறைய அதே குணம்தான்.

அதற்காக நீங்கள் போட்டது முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். அசோஸ்பைரில்லம் வேரை வளர்க்கும் ஆக்சினையும் சுரக்கிறது. தழைச்சத்து வேலை நின்றிருந்தாலும் பக்கவேர் கூடலாம், தூர் கொஞ்சம் நன்றாகக் கட்டலாம். ஆனால் அதெல்லாம் செல் உயிரோடு இருந்தால்தான். உர உப்போடு ஒரே கூடையில் கிடந்ததில் எத்தனை பிழைத்திருக்கும்?

"யூரியாவோடயே போடலாம், டபுள் பவர்" என்று சொல்லி விற்பவரை நம்பாதீர்கள். யூரியா கேட்டுப் போனால் நுண்ணுயிர் பாட்டிலையும் சேர்த்துத் தலையில் கட்டுவது இன்னொரு வித்தை. பொடியில் கிராமுக்கு 5 கோடி, திரவத்தில் மில்லிக்கு 10 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும் என்கிறது உரக் கட்டுப்பாட்டு ஆணை. தகரக் கொட்டகை வெயிலில் வெந்த பாக்கெட்டில் எத்தனை மிச்சம் என்று யார் எண்ணிப் பார்க்கிறார்கள்? மானியப் பாக்கெட்டும் பல ஊர்களில் நடவு முடிந்த பிறகுதான் வந்து சேர்கிறது!

சரி, அடுத்த பட்டத்தில் என்ன செய்யலாம்? ஏக்கருக்கு 200 கிராம் பாக்கெட் 4 எடுத்து, 10 கிலோ மக்கிய தொழுவுரம், 10 கிலோ மண்ணோடு கலந்து நடவுக்கு முன் சாயங்காலமாகத் தூவுங்கள். நாற்றின் வேரை நனைப்பதாக இருந்தால் அதற்குத் தனியாக 2 பாக்கெட். யூரியாவை நாலு தவணையாகப் பிரித்து, முதல் தவணைக்கு ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். வாங்கும்போது காலாவதித் தேதியைப் பார்த்து, தொகுதி எண் போட்ட ரசீதைக் கேளுங்கள். தர மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.