சின்னப் படக்காரர்களிடம் திரைக்கதை கற்பது எப்படி? அசிஸ்டென்ட் ஆனால்தான் முடியுமா?

கேள்வியைச் சுருக்கிவிடுகிறேன். நீங்கள் வெளியூரில் வேலையில் இருக்கிறீர்கள். பெரிய ஹீரோ, பெரிய கம்பெனி இல்லாமல் நல்ல படம் எடுத்தவர்களிடமிருந்து திரைக்கதை எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குச் சென்னைக்கு வந்து அசிஸ்டென்ட் டைரக்டர் ஆக வேண்டுமா, கதையைச் சொன்னால் திருடிவிடுவார்களா என்றும் கேட்கிறீர்கள். திருட்டைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

நான் சில சின்னப் படங்களின் கதை டிஸ்கஷனில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே பார்த்ததையும், படங்களைப் பிரித்து மேய்ந்ததில் தெரிந்துகொண்டதையும் வைத்துச் சொல்கிறேன்.

பெரிய படத்தில் கதை முதலில் வரும், பட்ஜெட் பிறகு வரும். சின்னப் படக்காரர்களுக்கு அது தலைகீழ். கையில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கதைக்கே போகிறார்கள். இதை எல்லோரும் பட்ஜெட் சமாச்சாரம் என்று தள்ளிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், இவர்களிடம் கற்க வேண்டிய திரைக்கதைப் பாடமே இதுதான். கதையை மூன்று அங்கமாகப் பிரிப்பது, இடைவேளைத் திருப்பம் எல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும்.

அமெரிக்க இயக்குநர் ராபர்ட் ரோட்ரிகஸ் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1992-இல் வந்த 'எல் மரியாச்சி'யை ஏறக்குறைய 7,000 டாலரில் எடுத்தார். அந்தப் பணத்தில் ஒரு பகுதிக்காக, மருந்துப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் தன் உடம்பையே வாடகைக்கு விட்டுப் படுத்துக்கிடந்தார். அங்கேயே திரைக்கதையையும் எழுதினார். பக்கத்துப் படுக்கையில் இருந்த ஆளையே வில்லனாக்கினார். எல்லையோர மெக்சிகோ ஊர், ஒரு பேருந்து, ஒரு நாய், ஒரு ஆமை, ஒரு கிட்டார் பெட்டி என்று கைக்கு எட்டியதெல்லாம் படத்துக்குள் வந்துவிட்டது. இதைக் கேட்டுவிட்டு 'நம்மிடமும் ஒரு நாய் இருக்கிறதே' என்று கிளம்பியவர்கள் நிறைய பேர். அதில் பாதிப் பேர் நாயை மட்டும் எடுத்துவிட்டு வந்தார்கள்!

அதைவிட எனக்குப் பாடமாக இருப்பது இன்னொரு அமெரிக்க இயக்குநர் ஜான் சேல்ஸ். குறைந்த செலவில் படம் எடுக்கும் தயாரிப்பாளர் ரோஜர் கார்மனுக்காக 'பிரானா' மாதிரி மீன் கடிக்கும் படங்களுக்கு எழுதிச் சம்பாதித்தவர். அந்தக் காசைப் போட்டு எடுத்த முதல் படம் 'ரிட்டர்ன் ஆஃப் தி செகாகஸ் செவன்', 1980-இல் வெளியானது. கல்லூரிக்காலப் போராட்ட நண்பர்கள் பல வருஷம் கழித்து ஒரு வார இறுதியில் ஒரே வீட்டில் கூடுகிறார்கள். கதை அவ்வளவுதான். ஆனால் அவருக்கு ஏன் இந்தக் கதை தோன்றியது என்று பாருங்கள். அவருக்குத் தெரிந்தவர்கள் நாடக நடிகர்கள். எல்லோருக்கும் முப்பது வயதுக்குப் பக்கம், சினிமாவில் யாருக்கும் முகம் தெரியாது. சரி, முப்பது வயதுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் ஒரே இடத்தில் இருக்க என்ன காரணம்? பழைய நண்பர்கள் சந்திப்பு. கேமராவை நகர்த்தி விளையாட வசதியில்லை. படம் அசையாமல் நின்றுவிடக் கூடாதே. அதனால் நிறைய கதாபாத்திரங்கள். இவரிடமிருந்து அவருக்கு, இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு என்று வெட்டிக்கொண்டே போனால் அதுவே ஓட்டம் கொடுத்துவிடும். கேமராவை நகர்த்தும் டிராலி இல்லாத குறையை எழுதும்போதே ஈடுகட்டிவிட்டார். பின்னாளில் 'லோன் ஸ்டார்' படத்தின் திரைக்கதைக்காக ஆஸ்கர் பரிந்துரை வரை போனார்.

கிறிஸ்டோபர் நோலனின் முதல் படம் 'ஃபாலோயிங்' (1998) இதே வகைதான். எல்லோரும் வேலையில் இருந்ததால் வார இறுதிகளில் மட்டும் படப்பிடிப்பு, அதுவும் ஒரு வருஷம் போல. ஃபிலிம் விலை கட்டுப்படியாகாது என்பதால் நாடகம் மாதிரி முன்கூட்டியே ஒத்திகை பார்த்துவிட்டு, ஓரிரு டேக்கில் முடித்தார்கள். வேலையில் இருக்கும் உங்களுக்கு இது நல்ல செய்தி என்பதால் சொன்னேன்.

இப்போது நம் பக்கம் வருவோம். பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. பார்த்திருப்பீர்கள். இல்லையென்றால் இந்தப் பதிலை நிறுத்திவிட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள், ஒன்றேகால் மணி நேரப் படம்தான்.

படத்தை 'மெதுவான படம்' என்று சொல்கிறவர்கள் உண்டு. சீன் ஆர்டரை எழுதிப் பாருங்கள், அது எவ்வளவு இறுக்கமான திரைக்கதை என்று தெரியும். குடிகாரத் தகப்பன் பள்ளிக்கூடத்திலிருந்து பையனை இழுத்துக்கொண்டு, கோபித்துக்கொண்டு தாய் வீடு போன மனைவியைக் கூட்டிவரக் கிளம்புகிறான். அங்கே சண்டை. அதன் பிறகு பையன் பஸ் காசைக் கிழித்துப் போடுகிறான். படத்தின் மிச்சம் முழுக்க அந்தக் கிழிந்த நோட்டின் மேல்தான் நிற்கிறது. வெயிலில் 13 கிலோமீட்டர் நடை. ஹீரோ எடுக்கும் முடிவு கதையைத் திருப்ப வேண்டும் என்று புத்தகங்களில் பக்கம் பக்கமாக எழுதுவார்களே, அதை ஒரு சின்னப் பையன் வசனமே இல்லாமல் செய்துவிடுகிறான்.

அப்புறம் அந்தக் கல். தாகத்துக்கு ஒரு கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொண்டு நடக்கிறான். வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து வைக்கிறான், ஏற்கெனவே அங்கே கிடக்கும் கற்களோடு. இவன் இப்படி நடப்பது முதல் தடவை இல்லை என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. பத்து நிமிஷ ஃபிளாஷ்பேக்கில் சொல்ல வேண்டியதை ஒரு கற்குவியல் சொல்லிவிடுகிறது. ஷூட்டிங்கில் கல்லுக்கு என்ன செலவு?

இந்தக் கதை அவருடைய சகோதரிக்கு நடந்ததிலிருந்து வந்தது என்று வினோத்ராஜ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கணவன் வீட்டிலிருந்து விரட்டப்பட்டுக் கைக்குழந்தையோடு நடந்தே தாய் வீடு வந்திருக்கிறார். நிஜத்தில் நடந்து வந்தவர் அந்தப் பெண். படத்தில் நடக்கிறவன் புருஷன். சொந்த அனுபவத்தை அப்படியே எழுதுவதற்கும் திரைக்கதை ஆக்குவதற்கும் உள்ள தூரம் இந்த இடமாற்றத்தில் இருக்கிறது.

சரி, இதை வீட்டிலிருந்தே எப்படிப் பழகுவது? பாலு மகேந்திரா தன் உதவியாளர்களுக்குக் கொடுத்த வேலையையே நீங்களும் செய்யலாம். சிறுகதை படித்து, அதன் சுருக்கத்தை எழுதிக்கொண்டு வரச் சொல்வார். அவரிடம் அப்படித்தான் தொடங்கியதாக வெற்றிமாறன் பலமுறை சொல்லியிருக்கிறார். சன் டிவியில் வந்த 'கதை நேரம்' தொடருக்காக 52 சிறுகதைகளைப் படமாக்கியவர் பாலு மகேந்திரா. கதையையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதை விட்டார், எதைச் சேர்த்தார், எதை இடம் மாற்றினார் என்று எழுதுங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. வார இறுதி வகுப்பு ஒன்றுக்கு ஒரு மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு, இணையத்தில் சும்மா கிடைக்கும் வரைபடங்களை நான் பார்த்து வந்தது தனிக் கதை.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்'. தீபாவளிக்கு முந்தைய இரவு, ஏழை வீடு. போக்கிடம் இல்லாத பையன் ஒருவன் வந்து சேர்கிறான், பேர் ராஜா. விடிந்தால் பிள்ளைகளுக்குப் புதுத் துணி உண்டு, அவனுக்கு இல்லை. புருஷனுக்கென்று வாங்கி வைத்த துண்டை அம்மா அவனுக்குக் கொடுத்துவிடுகிறாள். வாசிக்கும்போது அவள் மனசு அல்லாடுவது நமக்குத் தெரிகிறது. திரையில் மனசைக் காட்ட முடியாது. வசனமாக எழுதினால் கெட்டுப்போகும். அப்படியானால் அந்தத் துண்டை முன்னாலேயே ஒருமுறை காட்டியாக வேண்டும். அது புருஷனுக்குத்தான் என்பது பார்க்கிறவனுக்குப் பதிய வேண்டும். புருஷன் கட்டியிருக்கும் வேட்டியின் கிழிசலையும் காட்டிவிட்டால் இன்னும் நல்லது. பிறகு அவள் பெட்டியைத் திறந்து துண்டை எடுக்கும்போது ஒரு வார்த்தை பேச வேண்டாம். இப்போது உங்களுக்கு இரண்டு புது சீன் கிடைத்துவிட்டது, மூலக்கதையில் ஒரு வரியாக இருந்ததற்கு. இப்படி ஒரு கதையில் நாலைந்து இடம் கண்டுபிடித்தீர்கள் என்றால் எந்த வகுப்பும் தேவைப்படாது.

அடுத்த படியாக அருண் கார்த்திக்கின் 'நசீர்' பாருங்கள். எழுத்தாளர் திலீப்குமாரின் 'ஒரு குமாஸ்தாவின் கதை'யிலிருந்து எடுத்தது. கோயம்புத்தூர் ஜவுளிக்கடைச் சிப்பந்தி ஒருவரின் ஒரு நாள். முடிவைச் சொல்ல மாட்டேன். காதைத் தீட்டிக்கொண்டு பாருங்கள். அவர் பாட்டுக்கு வேலைக்குப் போகிறார், சேலை விரித்துக் காட்டுகிறார், கவிதை சொல்கிறார். தெருவில் ஒலிபெருக்கி பேசிக்கொண்டே இருக்கிறது. ஆபத்து வசனத்தில் இல்லை, பின்னணிச் சத்தத்தில் வருகிறது. சத்தத்தையும் திரைக்கதையில் எழுத வேண்டும் என்று நான் உறைப்பாகப் புரிந்துகொண்டது இந்தப் படத்தில்தான். நம் டிஸ்கஷன்களில் சத்தம் என்றால் அது மியூசிக் டைரக்டர் பாடு.

அசிஸ்டென்ட் ஆவது பற்றி. பெரிய படத்தில் சேர்ந்தால் கிளாப் அடிப்பது, கன்டினியூட்டி குறிப்பது, ஜூனியர் ஆர்ட்டிஸ்டை நகர்த்துவது எல்லாம் நன்றாக வரும். திரைக்கதையின் பக்கத்தில் விட மாட்டார்கள். சின்னப் படத்தில் பேட்டா (தினப்படி) ஒழுங்காக வராது, ஆனால் சீன் மாறுவது கண்ணெதிரே நடக்கும். ஒரு டிஸ்கஷனில் கடன் கேட்கும் சீன் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் தம்பியிடம் பணம் கேட்கிறான், ஒன்றரைப் பக்க வசனம். இயக்குநர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கேக்குறப்ப இவன் கையில என்னடா வேலை?" என்றார். யாரிடமும் பதில் இல்லை. "தம்பியோட வண்டியைத் தொடைச்சுக்கிட்டு இருக்கட்டும்" என்றார். வசனம் மூன்று வரியாகிவிட்டது. இதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்காக வேலையை விட்டுவிட்டு வரச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. டிசம்பரில் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு லீவு போட்டு வாருங்கள். படம் முடிந்து இயக்குநர் பேச வந்தால், 'இன்ஸ்பிரேஷன் என்ன சார்' என்று கேட்காதீர்கள். எழுதி எடுத்த பிறகு எந்த சீனைத் தூக்கினீர்கள், ஏன் என்று கேளுங்கள். அதற்கு மழுப்பலாகப் பதில் சொல்ல முடியாது.

திருட்டு விஷயம். நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஒன்லைனுக்கு, அதாவது ஓரிரு வரிக் கதைக்கு, யாரும் பாதுகாப்பு தர முடியாது, எழுதி முடித்த திரைக்கதைக்குத்தான் தர முடியும். காப்பிரைட் (பதிப்புரிமை) அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் பதியலாம். தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் உறுப்பினரானால் அங்கேயும் பதியலாம். யாருக்கு அனுப்பினாலும் தேதி தெரிகிற மாதிரி மின்னஞ்சலில் அனுப்புங்கள். டீக்கடையில் வாயால் கதை சொல்வதை மட்டும் விட்டுவிடுங்கள்.