சீனி வருத்தமும் இருதயக் கொழுப்பும்: வாசகர் கேள்விகள்

எனக்கு 54 வயது. பல வருஷமாகச் சீனி வருத்தம். எக்கோ (இருதய ஸ்கேன்) பார்த்தவர் "பம்பிங் 62 வீதம், நல்லம்" என்றார். ரிப்போர்ட்டின் அடியிலோ "டயஸ்டொலிக் டிஸ்ஃபங்ஷன், கிரேட் 1" என்று இருக்கிறது. மாடிப்படி ஏறினால் இளைக்கிறது. எதை நம்புவது?
வாசகி, வெள்ளவத்தை

இளைப்பை முதலில் நம்புங்கள். 62 வீதம் என்பது இடது கீழறை ஒருமுறை சுருங்கும்போது அதிலுள்ள இரத்தத்தில் எவ்வளவை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. அது சரியாகவே இருக்கிறது. ஆனால் சுருங்கிய இருதயம் தளர்ந்து இரத்தத்தை உள்வாங்கவும் வேண்டுமே! நீரிழிவில் பெரும்பாலும் முதலில் கெடுவது இந்தத் தளர்ச்சிதான். ரிப்போர்ட்டில் உள்ள "டயஸ்டொலிக் டிஸ்ஃபங்ஷன்" இதுதான், கிரேட் 1 என்றால் ஆரம்பப் படி. தசை விறைத்தால் அறைக்குள் அழுத்தம் கூடும், அது நுரையீரல் வரை போய் மூச்சு வாங்க வைக்கும். வயதாலும் பிரஷராலும் கிரேட் 1 பலருக்கு வரும். இளைப்பே இல்லாதவரை அதை வைத்து நான் பயமுறுத்தமாட்டேன். உங்கள் கதை வேறு. இருதயத்துக்குச் சுமை கூடியிருக்கிறதா என்று காட்டும் என்டி-புரோபிஎன்பி என்ற இரத்தப் பரிசோதனை தேவையா என்று உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். நீரிழிவுக்காரருக்கு இரத்தக்குழாய் அடைப்புகூட நெஞ்சு நோ இல்லாமல் வெறும் இளைப்பாக வரலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இருதயக் கொழுப்பு என்றால் கொலஸ்ட்ரோல் அடைப்புத்தானே? நான் மெலிந்த ஆள், எனக்கும் வருமா?
வாசகர், கொட்டாஞ்சேனை

இது அடைப்பு அல்ல. இருதயத் தசையை ஒட்டி வெளியே ஒரு கொழுப்புப் படை எல்லோருக்கும் உண்டு. நீரிழிவில் அது தடித்துப்போவது வழமை. அதற்கும் தசைக்கும் நடுவே தடுப்புச் சவ்வு இல்லை, இரத்த ஓட்டமும் ஒன்றே. அதனால் தடித்த கொழுப்பிலிருந்து வரும் அழற்சிப் பொருட்கள் நேரே தசைக்குப் போய்விடுகின்றன. தசைக் கலங்களுக்கு உள்ளேயும் கொழுப்புச் சேரும். இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது இரத்தத்தில் கொழுப்பமிலம் கூடுகிறது, எரிந்தது போக மிச்சம் அங்கே தங்குகிறது.

கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னுக்கு நிற்பது நம்மவர்களின் உடல்வாகு. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்ணுக்கு 80-உம் தாண்டினால் மெலிவை நம்பியிருக்க வேண்டாம்.

இதை அளக்க எம்ஆர்ஐ எடுக்கலாமா? பிரைவேட்டில் செலவழிக்கத் தயார்.
வாசகர், பம்பலப்பிட்டி

வேண்டாம். முடிவைப் பார்த்துச் சிகிச்சை மாறப்போவதில்லை. இடுப்பை அளக்கத் தையல் டேப் போதும்.

கரைக்கக் குளிசை உண்டா?
வாசகி, தெஹிவளை

எடை குறைந்தால் இந்தக் கொழுப்பும் குறையும். இரவில் புட்டையும் தேங்காய்ப்பால் சொதியையும் பாதியாக்கி, மாலையில் வேகமாக நடவுங்கள். எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சீனிக் குளிசைகளைக் கொழுப்புக் கரைப்பான் என்று நினைக்க வேண்டாம். இருதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேர்வதைக் குறைப்பதே அவற்றின் பெரிய பலன். 2015-இல் நீரிழிவுக்காரரிடமும், 2021-இல் பம்பிங் சரியாக இருந்த இருதயச் செயலிழப்பு நோயாளரிடமும் இது தெரியவந்தது. வாந்தி, சாப்பிட முடியாத காய்ச்சல், விரதம் என்றால் இந்தக் குளிசையைத் தொடரலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். பயோகிளிட்டசோன் என்ற வேறொரு சீனிக் குளிசை எடுப்பவருக்குக் கால் வீங்கினால் உடனே சொல்லவேண்டும். அது உடம்பில் நீரைத் தேக்கும்.

படுத்தால் மூச்சு முட்டுவதால் அப்பா இப்போது மூன்று தலையணை வைத்தால்தான் தூங்குகிறார். கிளினிக் அடுத்த மாதம்.
மகள், மட்டக்குளி

அடுத்த மாதம் வரை பொறுக்கவே வேண்டாம், இன்றே காட்டுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினால் 1990-க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். குளிசைப் பெட்டியையும் பழைய எக்கோ ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.