அமெரிக்க அதிபர் தேர்தலில் மாநிலக் கருத்துக்கணிப்புகளைப் பின்தொடர்வதில் பயன் உண்டா, இல்லை எல்லாம் காசு வாங்கிக்கொண்டு போடும் கதையா?

பயன் உண்டு. காசு வாங்கிக்கொண்டு போடும் கதை என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கட்சிகள் தங்களுக்காக எடுத்து, சாதகமாக வந்தால் மட்டும் வெளியே விடும் கணிப்புகள் உண்டுதான். அவற்றை ஒதுக்கிவிட்டால் மீதி பேர் ஓரளவு ஒழுங்காகத்தான் வேலை செய்கிறார்கள்.

நீங்கள் கேட்கும் தொனியைப் பார்த்தால், 2024இல் கமலா ஹாரிஸ் ஜெயித்துவிடுவார் என்று நம்பி நவம்பர் 6 காலையில் டீவி முன்னால் உட்கார்ந்து ஏமாந்தவர் போலத் தெரிகிறது. கோபம் நியாயம்தான். ஆனால் அதைக் கணிப்புகள்மேல் காட்டாதீர்கள். கடைசி வாரத்தில், எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஏழு ஸ்விங் மாநிலங்களிலும் சராசரி வித்தியாசம் பெரும்பாலும் ஒன்று, இரண்டு சதவீதத்துக்குள்தான் இருந்தது. "யார் வேண்டுமானாலும் வரலாம்" என்றுதான் அவை சொல்லிக்கொண்டிருந்தன. கமலா அலை என்று சொன்னது யூட்யூப்காரர்கள்.

சண்டைக்கு வருகிறவர்களுக்காக முன்கூட்டியே: நான் எந்தக் கட்சிக்கும் ஆள் இல்லை. எனக்கு இங்கே ஓட்டே கிடையாது, வேலை விசாவில் இருப்பவன். புள்ளியியல் படித்தவனும் இல்லை. ஆனால் பென்சில்வேனியாவில், பிலடெல்பியாவுக்கு வடக்கே பக்ஸ் கவுன்ட்டியில் பல வருடமாகக் குடியிருக்கிறேன். நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஊரே எங்கள் தெருவைத்தான் பார்க்கும். ஆகவே ஆசைப்பட்டோ படாமலோ இதையெல்லாம் பார்த்தாக வேண்டியிருக்கிறது.

2016இல் நடந்ததைச் சொல்கிறேன். அந்த வருடம் தீபாவளி சனிக்கிழமை, அக்டோபர் 29. முந்தைய நாள்தான் எஃப்.பி.ஐ. இயக்குநர் கோமி, ஹிலாரியின் மின்னஞ்சல் விவகாரத்தில் புதிதாகச் சில கிடைத்திருப்பதாக நாடாளுமன்றத்துக்குக் கடிதம் அனுப்பியிருந்தார். நண்பர் வீட்டில் போட்லக். பிரியாணிக்கும் சாம்பார் சாதத்துக்கும் நடுவில் பேச்சு அங்கேதான் போனது. எல்லோரும் ஹிலாரி வந்துவிட்டார் என்றே பேசினார்கள். நான் மட்டும், டிரம்ப் வர நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றேன்.

வீட்டுக்கார நண்பர் சாஃப்ட்வேரில் பெரிய பொறுப்பில் இருப்பவர். கணக்குப் போட்டே காட்டினார். "பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூணுலயும் அந்தம்மா தோக்கணும். ஒவ்வொண்ணுலயும் தோக்க அஞ்சுல ஒரு சான்ஸ்னே வெச்சுக்கோ. மூணையும் பெருக்கு. நூத்துக்கு ஒண்ணுகூட வராதுய்யா!" எல்லோரும் சிரித்தார்கள். "நீ என்ன டிரம்ப் ஆளா?" என்று இன்னொருவர்.

அவர் பெருக்கிய இடத்தில்தான் சிக்கலே. மூன்று மாநிலமும் மூன்று தனித்தனி நாணயமாக இருந்தால் பெருக்கலாம். அப்படி இல்லை. ஒரே தொட்டியில் சாயம் முக்கிய சேலைகள் மாதிரி அவை; ஒன்றில் சாயம் போனால் மற்றதிலும் போகும். மூன்றிலும் ஒரே மாதிரி ஆட்கள் நிறைய: கல்லூரிக்குப் போகாத வெள்ளைக்காரர்கள், மூடிய ஆலைகளைச் சுற்றி வாழ்பவர்கள். ஓரிடத்தில் இவர்களைக் குறைத்து எண்ணியிருந்தால் மற்ற இரண்டிலும் குறைத்துத்தான் எண்ணியிருப்பார்கள். இதைத்தான் சொன்னேன், கேட்க ஆள் இல்லை.

அடுத்த வாரம் மார்க்கெட் (Marquette) பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் கடைசி விஸ்கான்சின் கணிப்பு வந்தது: ஹிலாரி 46, டிரம்ப் 40. மாநிலத்திலேயே மதிப்பான கணிப்பு அது. ஹிலாரியோ கட்சி வேட்பாளர் ஆன பிறகு பிரசாரத்துக்கு விஸ்கான்சின் பக்கம் ஒருமுறைகூடப் போகவில்லை. முடிவு உங்களுக்கே தெரியும். மூன்று மாநிலத்திலும் சேர்த்து 80 ஆயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் எல்லாம் போனது. நாடு முழுக்க ஹிலாரி 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாக வாங்கியும் பயன் இல்லை. மாநிலவாரியாகப் பிரித்த 538 தேர்வாளர் வாக்குகளில் 270 வேண்டும்; பெரும்பாலும் ஒரு மாநிலத்தில் முந்தியவருக்கே அதன் தேர்வாளர் வாக்குகள் அத்தனையும். தேசியக் கணிப்புகள் அந்த வருடம் கிட்டத்தட்டச் சரியாகவே இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஞானதிருஷ்டி என்று சொல்லிக்கொள்ளவில்லை. டிரம்ப் ஜெயிப்பார் என்று நான் அடித்துச் சொல்லவும் இல்லை. கணிப்புகளைச் சேர்த்து யாருக்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட்ட ஃபைவ்தர்ட்டிஎய்ட் தளம் கடைசி நாளில் டிரம்புக்கு ஏறக்குறைய 29 சதவீத வாய்ப்புக் கொடுத்திருந்தது, காரணம் நான் சொன்ன அதே காரணம்தான். 98, 99 சதவீதம் ஹிலாரி என்று போட்ட இடங்களும் இருந்தன. பின்னால் துறைக்காரர்கள் கூடி ஆராய்ந்தபோது, பல மாநிலக் கணிப்புகள் படிப்பை வைத்து எடை சரிசெய்யாததும் ஒரு காரணம் என்று கண்டார்கள். பட்டதாரிகள் போனை எடுத்துப் பொறுமையாகப் பதில் சொல்வார்கள், மற்றவர்கள் வைத்துவிடுவார்கள். அப்படியே விட்டால் பட்டதாரிகளின் குரல் பெரிதாகக் கேட்கும்.

"அப்படியென்றால் எப்போதும் டிரம்புக்கு மூன்று சதவீதம் கூட்டிக்கொண்டால் போதுமே" என்பீர்கள். போதாது. 2012இல் பிழை எதிர்ப்பக்கம் இருந்தது, ஒபாமாவைக் குறைத்துக் காட்டினார்கள். எந்தப் பக்கம் சாயும் என்பது முன்கூட்டித் தெரியாது. எல்லா மாநிலமும் சேர்ந்து சாயும் என்பது மட்டும்தான் தெரியும். 2024இல் ஏழும் டிரம்புக்கே போனதில் எனக்கு ஆச்சரியம் வராததற்கு அதுதான் காரணம்.

அப்புறம் அயோவா, டிரம்ப் சுலபமாக ஜெயிப்பார் என்று எல்லோரும் நினைத்த மாநிலம். 2024 தேர்தலுக்கு முந்தின சனிக்கிழமை, அந்த மாநிலத்தின் பேர்பெற்ற கணிப்பாளர் ஆன் செல்சரின் கணிப்பு வந்தது: ஹாரிஸ் 47, டிரம்ப் 44. முந்தைய இரண்டு அதிபர் தேர்தல்களில் கிட்டத்தட்டக் குறி தவறாதவர் என்பதால் இங்கே எல்லா சேனலிலும் அதே பேச்சு. மன்னார்குடியிலிருந்து சித்தப்பா போன் பண்ணினார். கமலாவின் தாத்தா ஊரான துளசேந்திரபுரம் அவருக்குப் பக்கம்தான், அங்கே கோயிலில் பூஜையெல்லாம் நடந்துகொண்டிருந்த நேரம். "ஏம்ப்பா, அயோவாவுலயே முன்னாடி இருக்காமே, அப்ப வந்தாச்சுதானே?" என்றார். "சித்தப்பா, அதைச் சராசரியில ஒண்ணாப் போட்டுட்டு விட்டுடுங்க" என்றேன். போனை வைத்தவர் ஒரு மாதம் பேசவில்லை. டிரம்ப் அங்கே 13 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார்.

ஆனாலும் செல்சர்மேல் எனக்கு மரியாதைதான். வந்த எண்ணை அப்படியே வெளியிட்டார். மற்ற பலர் கடைசி வாரத்தில் 48-48, 49-48 என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மாநிலத்தில் 800 பேரைக் கேட்டால் ஒருவரின் எண்ணிலேயே மூன்றரை சதவீதம் கூடக்குறைய இருக்கும், இருவருக்கும் இடையிலான வித்தியாசத்தில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. உண்மையிலேயே சமநிலை என்றால்கூட சிலருக்கு ஐந்து இந்தப் பக்கம், சிலருக்கு ஐந்து அந்தப் பக்கம் என்று சிதறித்தான் வர வேண்டும். எல்லாருக்கும் ஒரே எண் வந்தால்தான் எனக்குச் சந்தேகம். பயம்தான், வேறென்ன.

பிரசாரக் கூத்துகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 2024இல் பைடனின் ஜூன் 27 விவாதம் பெரியது, வேட்பாளரையே மாற்றிவிட்டது. எங்கள் மாநிலத்தின் பட்லரில் டிரம்ப்மேல் நடந்த துப்பாக்கிச்சூடும் பெரியதுதான், ஆனால் அதற்குப் பிறகும் எங்கள் மாநில எண்கள் பெரிதாக நகரவில்லை. அக்டோபர் 20, ஞாயிற்றுக்கிழமை, டிரம்ப் எங்கள் கவுன்ட்டியில் ஃபீஸ்டர்வில் மெக்டொனால்ட்ஸில் பிரெஞ்ச் ஃப்ரை பொட்டலம் போட்டார். கடையைப் பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். உலகமே அதைப் பார்த்தது. நான் பார்த்தது டிராஃபிக். பக்ஸ் கவுன்ட்டியில் கடைசியில் சில நூறு வாக்குகளில்தான் டிரம்ப் முந்தினார். அதற்குப் பொட்டலம்தான் காரணம் என்று யாராவது சொன்னால் நான் வாதாட வரமாட்டேன்.

நீங்கள் கேட்காத ஒன்று. ஸ்விங் மாநிலத்தில் ஓட்டில்லாமல் இருப்பது போல எரிச்சல் வேறில்லை. அக்டோபர் முழுக்க அஞ்சல்பெட்டி நிறைய நோட்டீஸ், கதவைத் தட்டும் தன்னார்வலர்கள். "எனக்கு ஓட்டு இல்லைம்மா" என்றால் பாவமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு நோட்டீஸைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வரி மட்டும் ஒழுங்காகப் பிடிக்கிறார்கள். எந்த நாட்டில் பிறந்தவர்களுக்கும் வருடத்துக்கு 7 சதவீதத்துக்குமேல் கிரீன்கார்டு இல்லை என்ற சட்டத்தால் வரிசை நகரவே மாட்டேன் என்கிறது. அதை மாற்றுவதாக இரண்டு கட்சியிலும் அவ்வப்போது ஒருவர் பேசுவார், அப்புறம் காணாமல் போவார்.

அந்தப் பெருக்கல் நண்பருக்கு வரிசை முன்னமே வந்துவிட்டது, இப்போது குடிமகன். 2024இல் ஓட்டுப் போட்டீரா என்று கேட்டேன். அன்றைக்கு மீட்டிங் அதிகமாம், போகவில்லையாம்.